பெயர் பரிசீலனையில் உள்ளது

சங்குமுனையில் மீன் ஏலக்கூடம் கட்டி முடித்து ஏழு மாதம் ஆகிவிட்டது. தகரக் கூரை, வழுக்காத தரை, மீன் கழுவத் தொட்டி, நான்கு மின்விசிறி எல்லாம் தயார். ஆனாலும் ஏலம் வெளியே சுடுமணலில்தான் நடந்துகொண்டிருந்தது. கூடத்துக்குள் ஊர்ப் பூனைகள் படுத்துத் தூங்கின.

கூடத்துக்கு யார் பெயரை வைப்பது என்று முடிவாகாததுதான் காரணம். பெயர் முடிவானால்தான் கல்வெட்டு. கல்வெட்டு வந்தால்தான் திறப்பு விழா. வடக்குத் தெரு ஹென்றி பர்னாந்து தன் அப்பா பெயரை வைக்க வேண்டும் என்றார். தெற்குத் தெரு கஸ்பார் பர்னாந்து தன் அப்பா பெயரை என்றார். அந்த இரண்டு அப்பாக்களும் உடன்பிறந்தவர்கள். ஒரு நங்கூரத்துக்காகச் சண்டை போட்டு, முப்பது வருடம் முகம் பார்க்காமல் இருந்து, ஒரே மழைக்காலத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு சண்டையை மகன்கள் எடுத்து நடத்தினார்கள்.

ஊராட்சித் தலைவி ஏஞ்சலினுக்கு இருவருமே சித்தப்பா முறை. ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாது. அடுத்த தை மாதம் இரண்டு வீட்டிலும் கல்யாணம் இருந்தது.

இந்த நிலையில்தான் ஊராட்சிச் செயலர் வெள்ளத்துரை அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய கோப்பைக் கண்டெடுத்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு புயல் முடிந்த மறுநாள் இந்த ஊருக்கு வந்த இளம் அதிகாரி ஒருவர், 'இவ்வூர் மக்கள் வெயிலில் மீன் விற்கிறார்கள். ஒரு கூடம் அவசியம் தேவை' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். உ. சிவனணைந்தபெருமாள். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரர். பிற்பாடு பெரிய பெரிய பதவிகள் வகித்து, வடகிழக்கே ஒரு மலை மாநிலத்தில் பதினோரு மாதம் ஆளுநராகவும் இருந்தவர்.

கிராம சபையில் ஏஞ்சலின் அந்தப் பெயரைப் படித்தாள். அவரை யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாருக்கும் அவர் மேல் கோபம் இல்லை. அவர் வடக்குத் தெருவும் இல்லை, தெற்குத் தெருவும் இல்லை. கடற்கரையே இல்லை, வயற்காட்டுக்காரர்.

"நம்ம ஊருக்கு ஒரு கவர்னரா!" என்றார் ஹென்றி.

"வச்சிரலாம்" என்றார் கஸ்பார். அண்ணன் தம்பி மக்கள் இருவரும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் வெள்ளத்துரை தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னச் சிக்கல். உயிரோட இருக்கவங்க பேர அரசாங்கக் கட்டடத்துக்கு வைக்கக் கூடாதுன்னு போன வருசம் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கு. அய்யா இருக்காங்களா இல்லையான்னு தெரியணும்."

"கேட்டுத்தான் பாருமே" என்றாள் ஏஞ்சலின்.

வெள்ளத்துரை எங்கெங்கோ விசாரித்துச் சென்னை வீட்டு எண்ணை வாங்கி, சிக்னல் கிடைக்கும் பனைமரத்தடிக்குப் போய்ப் பேசினார். போனை எடுத்தவள் அந்த வீட்டில் சமையல் வேலை பார்க்கும் சுடலைச்செல்வி.

"அய்யா இருக்காங்களாம்மா?"

"அய்யா மேல போயிட்டாவளே" என்றாள் அவள்.

வெள்ளத்துரை செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "எப்பம்மா?"

"காலைல அஞ்சு மணிக்கே போயிட்டாவ."

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களோ?"

"முட்டு வலி இருக்குல்லா? ஆனாலும் யாரையும் கூப்பிடல. ஒத்தையிலயே போயிட்டாவ."

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"காப்பில சீனி பத்தலன்னு சொன்னாவ."

வெள்ளத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு எளிமையான மனிதர் என்று நினைத்தார். சுடலைச்செல்வி சொன்ன 'மேல' என்பது மொட்டைமாடி. காலை ஐந்து மணிக்கு மாடியேறி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, மூன்று செய்தித்தாளையும் வரி விடாமல் படித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் அவர் கீழே இறங்குவது வழக்கம்.

வெள்ளத்துரை சபைக்குத் திரும்பி வந்து, "காலமாயிட்டாங்க. இன்னைக்குக் காலைலதான்" என்றார்.

ஊர் முழுக்க "அப்பாடா" என்றது. பிறகு, அப்படிச் சொல்லக் கூடாது என்று உறைத்து, ஒவ்வொருவராக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

"டிவியில ஒண்ணும் வரலியே" என்று ஏஞ்சலின் சந்தேகப்பட்டாள்.

"பதினோரு மாசம் கவர்னரா இருந்தவர டிவியில எங்க போடுதான்?" என்றார் கஸ்பார்.

இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். மீன் விற்கும் அந்தோணியம்மாள் வாய்விட்டு அழுதாள். அவள் யார் செத்தாலும் அழுகிறவள், அழுகையில் ஊரில் அவளுக்கு நிகர் கிடையாது. 'அமரர் உ. சிவனணைந்தபெருமாள் நினைவு மீன் ஏலக்கூடம்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தார்கள். அன்னாரின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கலையும் அழைப்பையும் சேர்த்து வெள்ளத்துரை பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார்.

கடிதம் மொட்டைமாடிக்குப் போயிற்று.

சிவனணைந்தபெருமாளுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்து ஆறு வருடம். மகள் கனடாவில். தன் இரங்கல் தீர்மானத்தை அவர் முருங்கைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு தடவை படித்தார். 'எளிமையே உருவானவர்', 'மீனவர் நெஞ்சில் நீங்கா இடம் பிடித்தவர்', 'கடைசி மூச்சு வரை யாருக்கும் தொந்தரவு தராதவர்.' படிக்கப் படிக்க, இப்படிப்பட்ட ஒரு மனிதர் செத்துப்போனாரே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளதைச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்கள் பெயரில் பாலம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஒருவர் பெயரில் ரவுண்டானாகூட இருந்தது. அவர் பெயரில் ஒரு முட்டுச் சந்துகூடக் கிடையாது. அவர் ஆண்ட அந்த மலை மாநிலத்தில் அவருடைய படத்துக்குக் கீழே பெயரைத் தப்பாக எழுதி வைத்திருந்தார்கள்.

"பெட்டியக் கட்டும்மா. நான் ஊருக்குப் போகணும்" என்றார்.

"எதுக்குய்யா?"

"என் சாவுக்கு."

சுடலைச்செல்வி கையிலிருந்த தோசைக்கரண்டி கீழே விழுந்தது.

இரவு ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கி, வேம்பார் போகும் பஸ்ஸைப் பிடித்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் அவர் சங்குமுனையில் இறங்கினார். நேரே கூடத்துக்கு நடந்தார்.

முகப்பில் ஏணி போட்டு ரெக்ஸ் எழுதிக்கொண்டிருந்தான். சுற்றுவட்டாரத்தில் எல்லாப் படகுக்கும் பெயர் எழுதுகிறவன் அவன்தான். 'அமரர் உ. சிவனணைந்தபெரு' வரைக்கும் நீல எழுத்தில் வந்திருந்தது. மீதிக்கு இடம் போதாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இந்த ஏணியக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுதியளா? ஆடுது" என்றான் கீழே நின்றவரைப் பார்த்து.

முன்னாள் ஆளுநர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா பேருங்கிய! பதிமூணடி நீளத்துக்கு ஒரு பேரு. செத்தவரக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா பெத்தவங்க ஒரு மாணிக்கம், முருகன்னு வச்சிருக்கலாம்லா?"

"தாத்தா பேருப்பா அது" என்றார் அவர், சற்று ரோஷமாக.

"உங்களுக்கு அவரத் தெரியுமோ?"

"ரொம்ப வேண்டப்பட்டவன்."

"அப்ப எழுத்து சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். தன் பெயரை இவ்வளவு பெரிதாக அவர் எங்கேயும் கண்டதில்லை. 'சி' மட்டும் அவர் முழங்கால் உயரம் இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த 'அமரர்' மட்டும் வேண்டாமே."

"அது எப்படி? செத்தவருக்கு அமரர் போடாம, குமரர்னா போடுவாங்க?"

"அவரு சாகலப்பா."

"அண்ணாச்சி, ஊரே எந்திரிச்சு நின்னு மௌனம் காத்திருக்கு."

"ஏலே, நான்தாம்ல அவன்!"

ஐம்பது வருடமாக மறைந்திருந்த ஊர்ப்பேச்சு தன்னால் வெளியே வந்தது. ரெக்ஸ் குனிந்து பார்த்தான். பார்த்த வேகத்தில் பெயிண்ட் டப்பா சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூனை மேல் கொட்டியது. நீலப்பூனை கத்திக்கொண்டு சந்தை வழியாக ஓட, என்ன ஏதென்று பார்க்க ஊர் திரண்டது.

முதலில் வந்தவள் அந்தோணியம்மாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்தாள். "உமக்காக ரெண்டு நாளு தொண்டத் தண்ணி வத்த அழுதிருக்கேன். வெக்கமில்லாம உயிரோட வந்து நிக்கிறீரே!"

"மன்னிக்கணும்மா" என்றார் அவர்.

ஊராட்சி அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வெள்ளத்துரைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. இருந்தாலும் விதி விதிதான்.

"அய்யா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. தீர்மானத்த ரத்து செய்யணும்னா நீங்க உயிரோட இருக்கதுக்கு ஒரு சான்று வேணும்."

அவர் பையைத் திறந்து, ஓய்வூதியத்துக்காக வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றின் நகலை எடுத்து நீட்டினார். வெள்ளத்துரை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது போன நவம்பர்ல எடுத்தது. நடுவுல என்ன வேணாலும் ஆயிருக்கலாம்லா?"

"வெள்ளத்துரை!" என்று ஏஞ்சலின் பல்லைக் கடித்தாள்.

ஹென்றி பர்னாந்து வந்தார். பவ்வியமாகக் கும்பிட்டு, "அய்யாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

"சுகர் கிகர்?"

"இல்ல."

"அப்படியா" என்று ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் கஸ்பார் வந்து அதையே கேட்டார். பிரஷர் உண்டா, நெஞ்சு படபடப்பு உண்டா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா. தினமும் மூன்று மாடி ஏறுகிறேன் என்ற பதிலைக் கேட்டதும் அவரும் சோர்ந்து போனார். கவர்னர் உயிரோடு இருந்தால் பெயர் இல்லை. பெயர் இல்லையென்றால் பழைய சண்டை. ஐந்தே நிமிடத்தில் அது தொடங்கியும் விட்டது.

"அப்ப எங்க அப்பா பேருதான்."

"உங்கப்பாவா? நங்கூரத்தத் தொலைச்சவருக்குக் கூடமா?"

"தொலைச்சது யாரு? கயித்த அறுத்தது யாரு?"

ஏஞ்சலின் தலையில் கையை வைத்துக்கொண்டாள். சிவனணைந்தபெருமாள் இளநீரை முடித்துவிட்டு, மெதுவாக மேசையைத் தட்டினார்.

"நான் கவர்னரா இருந்தப்ப எனக்கு ஒரே ஒரு அதிகாரந்தான் இருந்துச்சு" என்றார். "வர்ற கோப்ப மடியில வச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கது. வேண்டாம்னும் சொல்லக் கூடாது, சரின்னும் சொல்லக் கூடாது. பரிசீலனையில இருக்குன்னு சொல்லணும். அதக் கேட்டா ரெண்டு கட்சிக்காரனும் தனக்குத்தான் சாதகம்னு நினைச்சுக்கிட்டுப் போயிருவான்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பேரு வச்சாத்தான் கட்டடத்தத் திறக்கணும்னு எந்த உத்தரவுல இருக்கு?" என்று வெள்ளத்துரையிடம் கேட்டார்.

வெள்ளத்துரை சுற்றறிக்கைகளைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். "எதுலயும் இல்லய்யா" என்றார், தலையைக் குனிந்துகொண்டே. ஏழு மாதம் சுடுமணலில் மீன் விற்ற அந்தோணியம்மாள் வாசலில் நின்று அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"அப்ப நாளைக்குத் திறந்திருங்க. முகப்புல 'பெயர் பரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதிருங்க."

ஹென்றி மனதுக்குள் தன் அப்பாவைத்தான் பரிசீலிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கஸ்பாரும் அதையே நினைத்துக்கொண்டார். இருவரும் தலையசைத்தார்கள்.

சாயங்காலம் ரெக்ஸ் சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறினான். முன்னாள் ஆளுநரே மறுபடி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்கட்டாய்யா?"

"ஒரு நிமிசம் இருப்பா." செல்போனை எடுத்து நாலைந்து படம் பிடித்தார். 'அமரர்' விழாத மாதிரி ஒரு படம் எடுக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. அப்புறம் "ம்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ரெக்ஸ் பெயரின் வாலிலிருந்து அழிக்கத் தொடங்கினான். 'சி'யை அழிக்க அவனுக்கே கை வரவில்லை. இருட்டும் வரை அதை அப்படியே விட்டுவைத்தான்.

மறுநாள் காலையில் ரிப்பனை அவர்தான் வெட்டினார். திறப்பு முடிந்த கையோடு முதல் ஏலம். அந்தோணியம்மாள் மகன் அனிஷ் கொண்டுவந்த சாளை மீன், எட்டுக் கூடை.

ஆளுநராக இருந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் தன்னைப் பார்த்தாலும் மெல்லத் தலையை அசைத்துப் புன்னகை செய்வார். எங்கே போனாலும் அவருக்கு அது தன்னால் வந்துவிடும். ஏலம் கூறுகிறவர் விலையைச் சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினார். அவர் தலையசைத்தார். விலை ஏறியது. ஹென்றி கேட்டார், கஸ்பார் கேட்டார். ஏலக்காரர் மறுபடி அவரைப் பார்த்தார். அவர் இன்னும் அன்பாகத் தலையசைத்தார்.

"கவர்னரய்யாவுக்குப் போட்டியா நாம எதுக்கு?" என்று ஹென்றி கஸ்பார் காதில் சொன்னார். அப்பா காலத்துக்குப் பிறகு அவர் காதில் இவர் சொன்ன முதல் வார்த்தை அது. இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"கவர்னரய்யாவுக்கே!" என்று ஏலக்காரர் கத்தினார். எட்டுக் கூடை சாளையும் அவர் காலடியில் வந்து இறங்கியது.

"இது என்னது?" என்றார் அவர்.

"உங்க மீனுய்யா" என்றாள் அந்தோணியம்மாள். சாளைக்கு அப்படியொரு விலை அவள் ஆயுசில் பார்த்ததில்லை.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செல்போனில் பணத்தைத் தட்டிவிட்டு, "எல்லாருமா சேந்து சாப்பிடலாமே" என்றார். அன்று மத்தியானம் புதுக்கூடத்தில் பாதிச் சாளை குழம்பாகவும் பாதி பொரியலாகவும் ஆயிற்று. வடக்குத் தெரு ஒரு வரிசை, தெற்குத் தெரு ஒரு வரிசை என்றுதான் உட்கார்ந்தார்கள். ஆனால் சோறு தீர்ந்த இடத்துக்குச் சோறும் குழம்பு தீர்ந்த இடத்துக்குக் குழம்பும் போய் வந்ததில் வரிசை கலைந்துவிட்டது. நீலப்பூனை எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றது. அவர் முள்ளை எடுக்கத் தெரியாமல் திணறுவதைப் பார்த்து, "வயக்காட்டு ஆளுன்னு காட்டிட்டீரே" என்று அந்தோணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மீனை உதிர்த்துக் கொடுத்தாள். சாயங்கால பஸ்ஸில் அவரை ஏற்றிவிட ஊரே வந்தது.

கூடத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. "எங்கல இருக்க?" என்று போனில் கேட்டால், "பரிசீலனையில இருக்கேன், சீலா மீனு எறங்கிருக்கு" என்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து அனிஷ் புதுப் படகு இறக்கினான். என்ன பெயர் எழுத என்று ரெக்ஸ் கேட்டபோது அந்தோணியம்மாள் யோசிக்கவே இல்லை.

"படகுக்கு அந்தச் சுற்றறிக்கை கிடையாதுல்லா? கவர்னரய்யா பேர எழுது."

பங்குச் சாமியார் படகை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். பெயரைப் படித்தார். மூன்றாவது தடவைதான் நாக்கு புரண்டது. "இது எந்தப் புனிதரும்மா?"

"புனிதர் இல்ல சாமி. இன்னும் உயிரோட இருக்காரு."

"உயிரோட இருக்கவரு பேரு நம்ம வழக்கத்துல..."

"நீங்களுமா சாமி? ஒரு மனுசன் நல்ல பேரு வாங்கணும்னா செத்துத்தான் ஆகணுமா?"

சாமியார் தீர்த்தத்தைத் தெளித்தார்.

படகு கடலில் இறங்கும் படத்தை ரெக்ஸ் வாட்ஸாப்பில் அனுப்பிவைத்தான். சென்னையில், மொட்டைமாடியில் சிவனணைந்தபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நீல எழுத்து, வெள்ளைப் படகு, பின்னால் அலை. உடனே ரெக்ஸுக்குப் போன் போட்டார்.

"ஏப்பா, 'சிவனணைந்த'ன்னு மட்டுந்தான இருக்கு? பெருமாள் எங்க?"

"இடம் பத்தலய்யா" என்றான் ரெக்ஸ். "பெருமாளு கடலப் பாத்த பக்கம் இருக்காரு."